வார்ப்பெழுத்தின் சாட்சியம்: திருவிதாங்கூர்ப் பழைய அச்சு நூல்களில் எழுத்துருவை இனங்காணல்

பழைய அச்சு நூலொன்றின் முகப்பேடு கிழிந்துபோனால் நூலின் பிறப்புச் சான்றே போய்விடுகிறது. அச்சகம், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் அந்த ஒரே தாளில்தான் இருந்திருக்கும். முகப்பேடு எஞ்சிய நூல்களிலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. ‘விய வருஷம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 1826-27 ஆகலாம், 1886-87 ஆகலாம், 1946-47உம் ஆகலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்பதை அந்தச் சொல் சொல்லாது. இத்தகைய நூல்களைப் பட்டியலிடும் நூலகர், ‘ஆண்டு தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த நூலுக்குப் போகிறார். ஆனால் அந்த நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆயிரக்கணக்கான சாட்சிகள் அச்சாகி நிற்கின்றன. அவை அதன் எழுத்துகளே.

அந்தச் சாட்சிகளை முறையாக விசாரிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். இதன் வாதம் இரண்டு படிகள் கொண்டது. முதலாவது, தமிழ், மலையாள எழுத்துருக்களின் அடையாளம் தனி எழுத்துகளின் வடிவத்தில் இருப்பதைவிட, எந்தெந்தக் கூட்டை வார்ப்பாளர் ஒரே துண்டாக வார்த்தார் என்பதில்தான் உறுதியாக இருக்கிறது. இரண்டாவது, அவ்வாறு இனங்கண்ட எழுத்துரு வார்ப்பகத்தையும் வார்த்த காலத்தின் மேல் எல்லையையும் காட்டும். அச்சிட்ட ஊரை அது தனியாகக் காட்டாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் எழுத்துரு ஆய்வு நூல் வரலாற்றுக்கு உதவும். ஒன்றை விட்டால் தவறான முடிவுகளுக்கே இட்டுச் செல்லும்.

1. கொல்லம், 1578: நூலே தந்த மாதிரிப் பக்கம்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கும் கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் இதுவே முதலாவது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் ஆக்கிய 16 பக்க நூல் இது. நமக்குத் தெரிந்த ஒரே படி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. சூர்ஹாமர், கோட்ரல் இருவரும் 1952இல் அப்பல்கலைக்கழக நூலக இதழில் எழுதிய கட்டுரை வழியாகவே இந்நூலைப் பற்றிய விவரங்கள் ஆய்வுலகில் பரவின.

எழுத்துரு ஆய்வாளருக்கு இந்நூலின் கடைசிப் பக்கம் விலைமதிப்பற்றது. கோவாவில் 1577இல் யோவான் கொன்சால்வஸ் செய்த எழுத்துகளும், கொல்லத்தில் 1578இல் யோவான் த ஃபரியா செய்த எழுத்துகளும் அங்கே தனித்தனியாக அச்சிடப்பட்டு, எது எங்கே எப்போது செய்தது என்ற குறிப்பும் தரப்பட்டுள்ளது. இந்திய எழுத்து அச்சின் தொடக்கத்திலேயே இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. அவற்றைச் செய்தவர்களே இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்று கருதினார்கள். எழுத்துரு என்பது எழுத்து அல்ல, எழுத்தை ஒருவர் ஓர் ஊரில் ஓர் ஆண்டில் ஈயத்தில் ஆக்கிய குறிப்பிட்ட வடிவம் என்ற உணர்வு அந்தப் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது.

அந்த எழுத்துகளில் மெய்யின் மேல் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடவில்லை. ரகரமும் காலும் ஒன்றே. இவை எழுத்துருவின் தனிக்கூறுகள் அல்ல. அக்காலத்து ஓலை எழுத்தின் பொது வழக்கே அப்படித்தான். புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. புள்ளியின்மையைக் கண்டு ‘இது கொல்லத்து எழுத்துரு’ என்று சொல்லிவிட முடியாது. கோவா எழுத்தும் அப்படியேதான் இருந்தது. காலத்தின் வழக்கு வேறு, வார்ப்பாளரின் கை வேறு. எழுத்துருவை இனங்காண்பது என்றால் முதலாவதைக் கழித்துவிட்டு இரண்டாவதைத் தேடுவதாகும்.

2. மேலை முறையும் நம் எழுத்தும்

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு நூல்களுக்கு இந்தத் தேடல் ஓர் அறிவியலாகவே வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் நூலகர் ஹென்றி பிராட்ஷா, தாவரவியலார் செடிகளை இனம் பிரிப்பதுபோல நூல்களை எழுத்துருவால் வகைப்படுத்த வேண்டும் என்றார். ராபர்ட் பிராக்டர் 1898இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் தொடக்ககால அச்சு நூல்களை நாடு, ஊர், அச்சகம் என்று நிரல்படுத்திக் காட்டினார். கோன்ராட் ஹேப்லர் 1905 முதல் வெளியிட்ட எழுத்துருத் தொகுதியில் இரண்டு அளவைகள் அடிப்படையாக அமைந்தன. ஒன்று, இருபது வரிகளின் மொத்த உயரம். மற்றொன்று, சுட்டெழுத்து. கோதிக் வகைக்குப் பெரிய எம், ரோமன் வகைக்குக் கியூவும் யூவும் சேர்ந்த கூட்டு. அந்த ஒரு வடிவத்தையும் இருபது வரி அளவையும் கொண்டு எழுத்துரு எது என்பதை மிகக் குறுகிய பட்டியலுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

இருபது வரி அளவை தமிழுக்கும் பொருந்தும். அதன் கணக்கு எளிது. ஒரு பாயிண்ட் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். 12 பாயிண்ட் உடலில் வார்த்த எழுத்தை இடைவெளித் தகடு இல்லாமல் கோத்தால் இருபது வரிகள் சுமார் 84 மில்லிமீட்டர் வரும். 10 பாயிண்ட் என்றால் 70 மில்லிமீட்டர். பாயிண்ட் முறை வருவதற்கு முந்தைய அச்சகங்கள் கிரேட் பிரைமர், இங்கிலீஷ், பைகா, லாங் பிரைமர் என்று பெயர் சொல்லியே எழுத்தை வாங்கின. இங்கிலீஷ் ஏறத்தாழ 14 பாயிண்ட், பைகா 12, லாங் பிரைமர் 10. ஆகவே அளந்த எண்ணை இந்தப் பெயர்களோடும் பொருத்திப் பார்க்கலாம்.

ஆனால் அளவையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். வரிகளுக்கு இடையில் 2 பாயிண்ட் லெட் (இடைவெளித் தகடு) போட்டுக் கோத்த 12 பாயிண்ட் எழுத்து 98 மில்லிமீட்டர் காட்டும். தகடே இல்லாத 14 பாயிண்ட் எழுத்தும் அதே 98 காட்டும். கை அச்சுக் காலத்தில் தாளை நனைத்து அச்சிட்டார்கள். உலரும்போது தாள் சுருங்கும். ஆகவே ஒரே ஃபாரத்தில் அச்சான இரண்டு படிகளில்கூட ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு வரலாம். இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே முகத்தை வேறு உடலில் வார்த்துத் தரும் வழக்கம் வார்ப்பகங்களில் இருந்தது. ஆகவே உடலின் அளவோடு முகத்தின் அளவையும் எடுத்தாக வேண்டும். இதற்கு நான் பரிந்துரைப்பது பகரம். மேலே விலங்கோ கீழே சுழியோ இல்லாமல் மூன்று நேர்க்கோடுகளால் ஆன எழுத்து அது. அதன் உயரம், அகலம் இரண்டையும் அளந்து, பிறகு ணகரத்தின் அகலம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று குறித்தால், தாள் சுருக்கத்தால் அதிகம் பாதிக்கப்படாத ஒரு விகிதம் கிடைக்கும்.

3. ஒட்டு வார்ப்பு: எழுத்துருவின் உண்மையான முகவரி

அளவை வட்டத்தைச் சுருக்கும், முடிவைத் தராது. முடிவைத் தரவேண்டியது சுட்டெழுத்து. இங்கேதான் மேலை முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ரோமன் எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் தனித் துண்டு, கூட்டுகள் விதிவிலக்கு. தமிழில் நிலைமை தலைகீழ். உயிர்மெய்களில் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு ஆகியவை தனித் துண்டுகள். மேல்விலங்கும் கீழ்விலங்கும் எழுத்தின் உடலோடு ஒட்டியவை. பதினெட்டு மெய்களுக்கும் உகர ஊகார வரிசைகள் 36 தனி அச்சுகள். இகர ஈகாரத்தையும் ஒட்டியே வார்த்தால் இன்னும் 36. இவற்றோடு அகர வரிசையும் புள்ளி பெற்ற வரிசையும் சேர்ந்தால் மெய்களுக்கு மட்டும் 108 அச்சுகள். இந்த ஒட்டுகளில் எதை ஒன்றாக வார்ப்பது, எதைப் பிரித்துக் கோக்க விடுவது, ஒட்டும் இடத்தை எப்படி முடிப்பது என்ற முடிவுகள் ஒவ்வொரு வார்ப்பாளரிடமும் வேறு. தனி எழுத்தின் வளைவு ஒரு வார்ப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் நகலாகிவிடும். ஒட்டு முறையின் முழுப் பட்டியல் அப்படி நகலாவது அரிது.

ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம். ‘திருவனந்தபுரத்தில்’ என்ற ஊர்ப்பெயரே நல்ல சோதனைக் களம். கம்பாசிட்டரின் கையில் இது தி, ரு, வ, ன, ந், த, பு, ர, த், தி, ல் என்று பதினொரு அச்சுகள். தி இருமுறை வருகிறது. உருப்பெருக்கியின் கீழ் இரண்டையும் ஒப்பிட வேண்டும். தகரத்தின் தலையில் மேல்விலங்கு தொடும் புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் ஒட்டு வார்ப்பு. ஒன்றில் மயிரிழை விலகியும் மற்றதில் மேலேறியும் இருந்தால் விலங்கு தனித் துண்டு. அடுத்து ந், த், ல் மூன்றின் புள்ளிகள். அவை எழுத்தோடு வார்க்கப்பட்டிருந்தால், சொல் எங்கே வந்தாலும் ந் என்ற எழுத்தின் புள்ளி ஒரே உயரத்தில் நிற்கும். பிறகு ர. அதன் கால் இடப்பக்கம் சாய்ந்து முடிகிறதா, காலைப்போல் நேராக நிற்கிறதா? பக்கத்தில் வேறெங்காவது ரி, ரீ, ர் வருமானால் அவற்றிலும் அந்தச் சாய்வு இருக்கிறதா? பல எழுத்துருக்களில் ர சாய்ந்தும் ர் நேராகவும் இருக்கும். இந்த ஒரு முரண்பாடே ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துவிடும். இறுதியில் ரு, பு இரண்டும். ரு உகரச் சுழியின் கொள்கையைக் காட்டும். பு நேராகக் கீழிறங்கும் கோட்டின் நீளத்தைக் காட்டும்.

இத்தகைய சோதனையைப் பல பக்கங்களில் செய்தால் எந்த எழுத்துகள் அதிகம் பேசுகின்றன என்பது புலப்படும். என் பரிந்துரை நான்கு தொகுதிகள். முதல் தொகுதி, பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய ஏழு ஒட்டுகள். 1978இல் தமிழ்நாட்டரசு மாற்றியது பதின்மூன்று எழுத்துகள் என்று சொல்வோம். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறும் முன்னே கொம்பு சேர்ந்த ணா, றா, னாவே என்பதால், அச்சுப் பெட்டியில் அவை ஏழு துண்டுகள்தான். ஒவ்வொரு வார்ப்பாளரும் இந்த ஏழின் வளைவைத் தம் கைப்படி முடித்திருப்பார். இரண்டாம் தொகுதி மூ, ழூ, ணூ, றூ போன்ற ஊகாரங்கள். மூன்றாம் தொகுதி ஸ்ரீ, க்ஷ, ஜ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள். நான்காம் தொகுதி ௵, ௴, ௳, ௸, ௹ என்ற வருஷம், மாதம், நாள், மேற்படி, ரூபாய்க் குறிகளும் தமிழ் எண்களும். கணக்கு நூல்களிலும் பஞ்சாங்கங்களிலும் முகப்பேடுகளிலும் மிகுதியாக வரும் இக்குறிகளை யாரும் அழகுக்காகத் திருத்துவதில்லை. ஒருமுறை வெட்டிய பொறி நெடுங்காலம் அப்படியே பயன்படும். ஆகவே வார்ப்பகத்தின் பழைய கையெழுத்து இங்கேதான் மறையாமல் நிற்கும்.

மலையாளத்துக்கு இந்த வாதம் இன்னும் வலுவாகப் பொருந்தும். ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும் கூட்டெழுத்துகளால் பழைய மலையாள அச்சுப் பெட்டி பல நூறு துண்டுகள் கொண்டது. 1971இன் எழுத்துச் சீர்திருத்தம் அதைச் சுருக்குவதற்காகவே உகரக் குறிகளைப் பிரித்தது. பழைய நூல்களில் எந்தக் கூட்டு அடுக்கப்பட்டது, எது பக்கத்தில் வைக்கப்பட்டது என்ற பட்டியலே எழுத்துருவின் முகவரி.

4. எழுத்துரு சொல்வதும் சொல்லாததும்

எழுத்துருவை இனங்கண்ட மகிழ்ச்சியில் நூலை அச்சிட்ட ஊரையும் அறிவித்துவிடும் ஆசை எழும். அது ஆபத்தானது. ஊர்ப்பெயரை முன்னெழுத்தாக வைத்திருப்பவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டியதில்லை. எழுத்துருவும் அப்படித்தான்.

இதைத் திருவிதாங்கூரின் வடபகுதியே தெளிவாகக் காட்டுகிறது. பெஞ்சமின் பெய்லி கோட்டயத்தில் சி.எம்.எஸ். அச்சகத்தை 1821இல் தொடங்கினார். கேரளத்தில் அச்சான முதல் மலையாள நூலாகிய சிறுவர் கதைத் தொகுதி 1824இல் அங்கிருந்து வந்தது. ஆனால் அதன் எழுத்து சென்னையிலிருந்து வந்தது. எழுத்துருவை மட்டும் பார்ப்பவர் அந்நூலைச் சென்னை நூல் என்றே சொல்வார். பெய்லிக்குச் சென்னை எழுத்தின் சதுரத் தோற்றமும் குறைகளும் பிடிக்கவில்லை. உள்ளூர்த் தச்சரையும் தட்டாரையும் கொண்டு புதிய எழுத்துகளை வெட்டி வார்த்தார். 1829இன் புதிய ஏற்பாடு அந்த உருண்டை எழுத்தில் அச்சானது. ஒரே அச்சகம், ஐந்தாண்டு இடைவெளி, இரண்டு எழுத்துருக்கள். அந்தக் கோட்டய உருண்டை வடிவமே பிற்கால மலையாள அச்சுக்கு முன்மாதிரியானது. எனவே உருண்டை எழுத்தைக் கண்டால் ‘1820களின் இறுதிக்கு முந்தையதல்ல’ என்று சொல்லலாம். ‘கோட்டயத்தில் அச்சானது’ என்று சொல்லக் கூடாது.

தரங்கம்பாடி இன்னொரு பாடம் தருகிறது. சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டிய தமிழ் எழுத்து 1713இல் வந்து சேர்ந்தது. அது அளவில் பெரியது, தாளை விழுங்கியது. தாள் கிடைப்பதோ அரிது. எனவே ஆட்லர் என்ற வார்ப்பாளர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தை வார்த்தார். 1714-15இல் வெளிவந்த புதிய ஏற்பாட்டின் முற்பகுதி பெரிய எழுத்திலும் பிற்பகுதி சிறிய எழுத்திலும் இருக்கின்றன. தனித்தனியாகக் கிடைத்த இரண்டு கிழிந்த பகுதிகளை எழுத்துரு வேறுபாட்டால் இரண்டு நூல்கள் என்று ஒருவர் பட்டியலிட்டால் அது பெரும் பிழை. எழுத்துரு மாறிய காரணம் காகிதப் பஞ்சம். எழுத்துரு ஆய்வு தாள், கட்டு, பக்க எண், அடிக்குறி ஆகிய பிற சான்றுகளோடு சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அண்டிரிக் அடிகளாரின் 1586ஆம் ஆண்டு அடியார் வரலாறு எங்கே அச்சானது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கொச்சி என்போரும் உண்டு, முத்துக்குளித்துறை என்போரும் உண்டு. இத்தகைய வழக்கை எழுத்துருவால் மட்டும் தீர்க்க முடியாது. துறவிகள் கொண்டுபோன இடமெல்லாம் எழுத்துப் பெட்டியும் போயிருக்கும். எழுத்துரு இங்கே செய்யக்கூடியது வேறு. ஒரே எழுத்துத் தொகுதி தேய்ந்துகொண்டே வரும் வரிசையில் நூல்களை முன்பின் நிறுத்தலாம். ஒரே உடைந்த கொம்பு இரண்டு நூல்களில் தோன்றினால் அவை ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்று சொல்லலாம்.

எழுத்துரு ஆய்வு உறுதியாகத் தீர்க்கக்கூடிய வழக்குகளும் உண்டு. திருச்சூர் அருகே அம்பழக்காட்டில் 1679இல் புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகேய அகராதி அச்சானது. அங்கே இக்னேஷியஸ் ஆய்ச்சாமணி என்பவர் மரத்தில் எழுத்து வெட்டினார் என்று ஒரு மரபுச் செய்தி வழங்குகிறது. ஒரே தாயச்சில் வார்த்த ஈய எழுத்துகளில், மை பரவிய வேறுபாட்டைக் கழித்துவிட்டால், ஒரு பக்கத்தின் எல்லா மகரங்களும் ஒன்றேபோல் இருக்கும். தனித்தனியே மரத்தில் வெட்டியவை என்றால் மகரத்துக்கு மகரம் வளைவு மாறும். வத்திக்கான் படியைக் கொண்டு தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்ட நிழற்பதிப்பு இதைத் தொடங்கப் போதும். இறுதி முடிவுக்கு மூலப்படியே வேண்டும். கல்லச்சு நூலையும் வார்ப்பெழுத்து நூலையும் பிரிப்பதும் இதே சோதனைதான். தலச்சேரியில் குண்டர்ட் காலத்துக் கல்லச்சில் எழுத்தெல்லாம் கையெழுத்தே. அங்கே எழுத்துருவைத் தேடுவதில் பொருள் இல்லை.

5. ஆண்டைக் கணிக்கும்போது

திருவிதாங்கூர் நூல்களில் காலக் கணிப்புக்கு ஒரு தனி வசதி உண்டு. பல முகப்பேடுகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி, அதாவது சிங்ஙம், முதல் தொடங்கும் அந்த ஆண்டோடு தொடக்க மாதங்களுக்கு 824ஐயும் ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டினால் கிறித்தவ ஆண்டு வரும். கொல்லம் 1062 என்பது 1886-87. அறுபதாண்டுப் பெயரும் கொல்லம் ஆண்டும் சேர்ந்துள்ள நூல்களே எழுத்துருத் தொகுதிக்கு முதல் அடித்தளமாக வேண்டும். காலம் உறுதியான நூல்களின் எழுத்துருவைப் பதிந்த பிறகே, காலம் தெரியாதவற்றை அவற்றோடு ஒப்பிட முடியும். வரிசையை மாற்றினால் வாதம் வட்டமடிக்கும்.

எழுத்துச் சீர்திருத்தங்களைக் கால எல்லையாக எடுத்துக்கொள்வதில் இப்பகுதியில் கூடுதல் கவனம் தேவை. பெரியார் 1935 முதலே குடி அரசில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார். ஆகவே புதிய னை, லை இருப்பதால் மட்டும் நூல் 1978க்குப் பிந்தையது ஆகாது. அரசாணை தமிழ்நாட்டுக்கு உரியது. கேரளத்துத் தமிழ் அச்சகத்தில் பழைய பெட்டி தேயும்வரை ஓடியிருக்கலாம். ஆகவே பழைய னை, லை இருப்பதால் மட்டும் நூல் 1978க்கு முந்தையதும் ஆகாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் முன்வைத்த எகர ஏகார வேறுபாடும் அச்சில் நிலைபெறக் காலம் பிடித்தது. சீர்திருத்தத்தின் தேதி சட்டத்தின் தேதி. எழுத்துருவின் தேதி பெட்டியின் தேதி.

6. எழக்கூடிய மறுப்புகள்

‘பெரிய வார்ப்பகங்கள் ஊர் ஊராக ஒரே எழுத்தை விற்றன. பிறகு எழுத்துருவால் என்ன தெரியும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அது மிகவும் பொருந்தும். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் உருவாக்கிய சிறிய, தெளிவான தமிழ் எழுத்து 1862இல் வின்சுலோ அகராதியில் தன் ஆற்றலைக் காட்டிய பிறகு, அந்தச் சிக்கன அளவே பலரும் நாடிய தரமானது. ஆனால் அச்சகத்தின் அடையாளம் ஓர் எழுத்துருவில் இல்லை, கலவையில் இருக்கிறது. உடல் எழுத்து ஒன்று, தலைப்பெழுத்து இன்னொன்று, தீர்ந்துபோன றா-வுக்குப் பதிலாக வேறு வார்ப்பகத்திலிருந்து வாங்கிய றா, ஓரப்பூ, அடிக்கோடு. இந்தக் கலவை இரண்டு அச்சகங்களில் ஒன்றேபோல் அமைவது அரிது. பெரிய வார்ப்பகத்தின் எழுத்து எவ்வளவு பரவலோ, அந்த அளவுக்குக் கலவையைப் பதிவு செய்வது அவசியமாகிறது.

‘கணினியே இதைச் செய்துவிடும்’ என்பது இன்றைய மறுப்பு. கணினி ஒப்பிடும், ஆனால் எதோடு ஒப்பிடுவது? காலமும் வார்ப்பகமும் உறுதியான மாதிரிகள் இல்லாவிட்டால் அது தோற்ற ஒற்றுமையை மட்டுமே தரும். மேலும் எண்மமாக்கிய படங்கள் பலவற்றில் அளவுகோல் இல்லை. இருபது வரியின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்ல முடியாத படத்தில் பாதிச் சாட்சியம் ஏற்கனவே அழிந்துவிட்டது. மறுதலையாக, எழுத்துருவை இனங்கண்டு நூல்களைக் குழுவாகப் பிரித்தால், பழைய நூல்களைக் கணினிவழி வாசிப்பதும் எளிதாகும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒட்டு வடிவங்களைத் தனியே கற்பிக்கலாம்.

7. திருவனந்தபுரத்தில் செய்ய வேண்டியது

இந்தப் பணிக்குத் திருவனந்தபுரம் ஏன்? இங்குள்ள அச்சு மரபு ஒரு மொழியின் மரபு அல்ல. சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கிய அரசு அச்சகம் மலையாளத்தோடு ஆங்கிலமும் அச்சிட்டது. 1905இல் கணபதி சாஸ்திரி தொடங்கிய திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசைக்குத் தேவநாகரி வேண்டியிருந்தது. பாசனின் நாடகங்கள் 1912 முதல் உலகம் கண்டது இவ்வரிசையில்தான். கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசைக்கு, வட்டெழுத்துக் கல்வெட்டுகளின் வாசகத்தைத் தரத் தமிழ் எழுத்து வேண்டியிருந்தது. தெற்கே நாகர்கோவிலில் மீட் அடிகளார் காலத்து லண்டன் மிஷன் அச்சகம் தமிழில் அச்சிட்டது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தன. அதன் பின் இந்த ஒரே அச்சு மரபின் நூல்களும் ஆவணங்களும் இரு மாநிலப் பட்டியல்களில் பிரிந்து கிடக்கின்றன. தமிழ் நூலகர் மலையாள எழுத்துருவைப் பார்ப்பதில்லை, மலையாள நூலகர் தமிழைப் பார்ப்பதில்லை. கிரந்த எழுத்துகளோ இரண்டுக்கும் பொது. ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றின் வார்ப்பை இரு மொழி நூல்களிலும் ஒப்பிட்டால்தான் ஒரே வார்ப்பகத்தின் கை இரண்டிலும் தெரியுமா என்பதை அறிய முடியும்.

இந்த நகரம் எழுத்து வடிவங்களைச் சேகரிப்பதில் முன்னோடியும் ஆகும். 1971 சீர்திருத்தத்தால் சிதறிய பழைய மலையாளக் கூட்டெழுத்துகளை மீட்கச் சித்திரஜகுமார், ஹுசைன் முதலியோர் 1999இல் இங்கு முன்னெடுத்த ‘ரசனா’ இயக்கம், பழைய நூல்களின் எழுத்துத் தொகுதியை முழுமையாகத் திரட்டிக் கணினி எழுத்துருவாக்கியது. அவர்கள் தேடியது மொழிக்குத் தேவையான வடிவங்களின் முழுமை. நூல் வரலாற்றுக்கு வேண்டியது அவ்வடிவங்களின் வேறுபாடு. அந்த உழைப்பின் அடுத்த படியாகவே எழுத்துருத் தொகுதியைக் காண வேண்டும்.

தொடக்கம் எளிமையாக இருக்கலாம். 1829 முதல் இயங்கும் பொது நூலகம், காரியவட்டத்துக் கீழ்த்திசைச் சுவடி நூலகம், கேரளப் பல்கலைக்கழக நூலகம், நாகர்கோவில் வட்டார நூலகங்கள் ஆகியவற்றில் அச்சகமும் ஆண்டும் ஐயமறத் தெரிந்த நூல்களை முதலில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: இருபது வரி உயரம், லெட் உண்டா இல்லையா, பகரத்தின் உயர அகலம், ஏழு ஒட்டுகளின் படம், ஊகாரத் தொகுதி, கிரந்தத் தொகுதி, குறிகளும் எண்களும், கலந்து வந்த அந்நிய அச்சுகள், உடைந்த அச்சுகள். படத்தில் அளவுகோல் கட்டாயம். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஊர்ப்பெயர் சூட்டாமல் எண் தர வேண்டும். பெயர் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும், எண் சொல்லாது. வார்ப்பகம் உறுதியானால் பின்னர் பெயர் சேர்க்கலாம்.

வையாபுரிப் பிள்ளை 1950களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைக்குத் தலைமை தாங்கினார். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேரும் பதிப்பு நெறியைத் தமிழில் உறுதிப்படுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். ஏட்டுச் சுவடிக்குக் காட்டிய அந்தக் கவனத்தை நாம் அச்சு நூலுக்கு இன்னும் காட்டவில்லை. அச்சாகிவிட்டது என்றாலே எல்லாப் படியும் ஒன்று, எல்லாப் பதிப்பும் தெரிந்தது என்று எண்ணிவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் பதிப்புகளை முன்பின் வரிசைப்படுத்தாமல் அக்காலத்து வாசிப்பையும் பாடத் திருத்தங்களையும் எழுதும் எந்த வரலாறும் ஊகத்தின்மேல் நிற்பதே. கிழிந்த முகப்பேட்டைத் திருப்பித் தர எழுத்துருவால் இயலாது. ஆனால் ‘ஆண்டு தெரியவில்லை’ என்ற இடத்தில் ‘இந்த ஆண்டுக்கு முந்தையதல்ல, இந்தக் கலவையுள்ள அச்சகத்தின் நூல்களோடு சேர்ந்தது’ என்று சான்றோடு எழுத அதனால் இயலும். தமிழ், மலையாள நூலகர்கள் ஒரே அட்டையை நிரப்பத் தொடங்கினால், அந்த வரியை எழுதுவதற்கு வேண்டிய நூல்கள் எல்லாம் இந்த நகரத்தின் எல்லைக்குள்ளும் அதன் தென்புறத்திலுமே இருக்கின்றன.